கோணல் சுவரும் பன்னிரண்டு முடிச்சும்

“ஏம்மா டீச்சரம்மா, எங்க செவுரு கோணல்னு உங்க கயிறு சொல்லுதாமே?”

கேட்டவர் கோவிந்தசாமி. எங்கள் பள்ளிக்கூடத்துக்கு அடுத்த மனையில், மலைக்குக் காவடி எடுத்து வருகிறவர்கள் தங்கிப்போகச் சத்திரம் நடத்திக்கொண்டிருந்தவர். நல்ல உயரம், நல்ல பருமன், ஊரில் நல்ல பெயர். பாதிச் சவரத்தில் யாரோ போய்ச் சேதி சொல்லியிருக்கிறார்கள். ஒரு கன்னம் வழவழவென்று இருந்தது. மறு கன்னத்தில் சோப்பு நுரை. அந்தக் கோலத்தில் ஒரு மனிதர் கோபமாக வந்து நின்றால் சிரிப்பதா பயப்படுவதா என்று தெரியாது. நான் பயந்தேன்.

என் கையில் சொட்டச் சொட்ட நனைந்த கிணற்றுக் கயிறு. அதில் பன்னிரண்டு முடிச்சுகள். எனக்குப் பின்னால் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்தொரு பேர். எதிரே, சுண்ணாம்பு மணம்கூடப் போகாத அவருடைய புதுச் சுவர்.

நான் பதில் சொல்ல வாயைத் திறக்குமுன் முப்பத்தொரு பேரும் ஒரே குரலில், “ஆங்!” என்றார்கள்.

அதிலே ஓங்கிக் கேட்ட ‘ஆங்’ அவருடைய சொந்த மகள் சுலோச்சனாவுடையது.

கணக்குக்குப் பயந்தவள்

இந்த இடத்தில் அவரை நுரையோடு நிறுத்திவைத்துவிட்டு, நான் எப்படிக் கணக்கு டீச்சர் ஆனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி விடுதியின் புளிக்குழம்பைப் பற்றி எழுதியதைப் படித்தவர்கள், நான் தமிழ் சொல்லிக்கொடுக்கப் போனேன் என்றுதான் நினைத்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அரக்கோணத்தில் எங்கள் வீடு. திருத்தணிக்குத் தினமும் ரயிலில் போய் வரலாம் என்பதால் அந்த வேலையை ஒப்புக்கொண்டேன். முதல் நாள் போய் நின்றபோது ஹெட்மாஸ்டர் நரசிம்மலு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“கணக்கு வாத்தியார் யுத்தத்துக்குப் போயிட்டாரும்மா. அங்கே ஏதோ ஸ்டோர்ஸிலே எழுத்து வேலையாம். நீதான் கணக்கு எடுக்கணும்.”

“சார், எனக்குக் கணக்கு...”

“எனக்கு ரிட்டையராக இன்னும் ஒன்றரை வருஷந்தான் இருக்கு,” என்றார் அவர். எதற்கும் அவருடைய பதில் அதுதான். அதற்குமேல் யாரும் எதுவும் பேச முடியாது.

நான் கணக்கில் ஒருமுறை தேறாமல் போனவள். மறுமுறை தேறியது எப்படி என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. வகுப்பில் நடத்த வேண்டிய பாடத்தை அன்றன்றைக்குக் காலை ரயிலில்தான் படிப்பேன். மலை கண்ணில் படுவதற்குள் எனக்குப் புரிந்தால் உண்டு. புரியாவிட்டால் அன்றைக்கு வகுப்பில் வாய்ப்பாடு.

என் வகுப்பில் வாய்ப்பாடு அடிக்கடி நடந்தது.

ஏழாம் வாய்ப்பாட்டுச் சண்டை

திருத்தணி அப்போது சித்தூர் ஜில்லாவில் இருந்தது. வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசினார்கள், பாதிப் பேர் தெலுங்கு. இரண்டும் கலந்து பேசியவர்கள் மூன்றாவது பாதி. கணக்கு டீச்சர் இப்படி எழுதக் கூடாதுதான். ஆனால் அந்த வகுப்பைப் பார்த்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

ஒரு நாள் பாடம் புரியாத ரயில் நாள். ஏழாம் வாய்ப்பாடு சொல்லச் சொன்னேன். இந்தப் பக்கம் “ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு” என்று தொடங்கியது. அந்தப் பக்கம் “ஏடு ஒகட்ல ஏடு, ஏடு ரெண்ட்ல பத்னாலுகு” என்று வீட்டில் அண்ணன்மார் சொல்லிக்கொடுத்ததை எடுத்துவிட்டது. யார் முதலில் முடிப்பது என்று போட்டி. சத்தம் ஏறியது. தெருவில் போன ஜட்காக் குதிரை மிரண்டு, வண்டி பூக்கடைப் பக்கம் திரும்பிவிட்டது. உள்ளே அடிதடி என்று யாரோ சொல்ல, ஒரு போலீஸ்காரர் வாசலில் வந்து எட்டிப் பார்த்தார்.

ஹெட்மாஸ்டர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். “என்னம்மா இது?”

“வாய்ப்பாடு சார்.”

“யார் அடிச்சிக்கிறா?”

“ஏழும் ஏழும் சார்,” என்றேன்.

அன்றைக்கு நான் அழாத குறை. ஆனால் அடுத்த வாரம் ஓர் அதிசயம் நடந்தது. எதிர்ப்பக்கத்தைக் கேலி செய்ய வேண்டுமானால் எதிர்ப்பக்கத்து வாய்ப்பாடு தெரிந்திருக்க வேண்டுமே! தமிழ்ப் பிள்ளைகள் தெலுங்கில் ஒப்பித்துக் காட்டினார்கள். தெலுங்குப் பிள்ளைகள் தமிழில் திருப்பிக் கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் வகுப்பு முழுவதற்கும் பதினாறாம் வாய்ப்பாடு வரை இரண்டு மொழியிலும் தண்ணீர் பட்ட பாடு. பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்தபோது இதைக் கேட்டுவிட்டு, “நல்ல போதனா முறை” என்று குறிப்பு எழுதினார். நான் அடக்கமாக நின்றேன்.

வெள்ளரிக்காய்

பின்னம் வந்ததும் என் அடக்கம் போய்விட்டது. புத்தகத்தில் ‘ஓர் ஆப்பிளை நான்கு சம பாகமாக’ என்று இருந்தது. ஏகாம்பரம் என்கிற பையன் எழுந்து, “ஆப்பிள்னா இன்னா டீச்சர்?” என்று கேட்டான். நானும் அதுவரை படத்தில்தான் பார்த்திருக்கிறேன். முக்கால் மணி நேரமும் ஆப்பிளிலேயே போயிற்று. பின்னம் வரவே இல்லை.

ரயிலில் என் பெட்டியில் தினமும் ஓர் அம்மாள் வெள்ளரிக்காய்க் கூடையோடு வருவார். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அரை, கால், அரைக்கால், மாகாணி என்று அவர் நாக்கில் பின்னம் நின்று விளையாடும். என் புத்தகத்தையும் முகத்தையும் பார்த்துவிட்டு ஒரு நாள் கேட்டார்:

“இன்னாம்மா, தெனமும் அந்தப் பொஸ்தகத்த மொறச்சிகினே வர்றே?”

விஷயத்தைச் சொன்னேன்.

“அடப் போம்மா! கையில குடுத்துப் பாரு. வாயில போட்டா தானா புரியும்,” என்று நாலு காயை எடுத்து என் மடியில் வைத்தார்.

வகுப்பில் மூன்றில் ஒரு பங்கு பெரியதா, நாலில் ஒரு பங்கு பெரியதா என்று கேட்டேன். ஏகாம்பரம் சந்தேகமே இல்லாமல், “நாலுதான் டீச்சர் பெரிசு” என்றான். சரியென்று ஒரு காயை மூன்றாகவும் ஒரு காயை நாலாகவும் நறுக்கி, அவனுக்கு நாலில் ஒன்றைக் கொடுத்தேன். பக்கத்திலிருந்தவனுக்கு மூன்றில் ஒன்று. ஏகாம்பரம் தன் துண்டைப் பார்த்தான், பக்கத்துத் துண்டைப் பார்த்தான். அவன் முகத்தில் பின்னம் புரிந்தது. அந்தப் பாடத்தை அவன் ஆயுசுக்கும் மறந்திருக்க மாட்டான்.

இதில் ஒரே ஒரு சங்கடம். தசமம் தொடங்கிய அன்றைக்கு வகுப்பு மொத்தமும் என் பையையே பார்த்துக்கொண்டிருந்தது. “இதுக்கு இன்னா டீச்சர் திங்கறது?” என்று ஏகாம்பரம் கேட்டான்.

காதர் பாயின் கயிறு

சுலோச்சனா அந்தக் கூட்டத்தில் சேராதவள். பதினோரு வயது. வெள்ளரிக்காயைத் தின்னாமல் கையில் வைத்து உருட்டிக்கொண்டே, “இத்த சமமா மூணா வெட்னீங்கன்னு எப்டி டீச்சர் தெரியும்? ஒரு பக்கம் குண்டா கீதே?” என்று கேட்பாள். அவள் கையைத் தூக்கினாலே நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

செங்கோணம் நடத்தும்போதும் அவள்தான் கேட்டாள்: “மூலை நேரா கீதுன்னு கண்ணால பாத்தா போதுமா?”

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அன்றைக்கு மாலை ஸ்டேஷனுக்கு நடக்கிற வழியில் காதர் பாய் ஒரு கடைக்கு அஸ்திவாரம் போட்டுக்கொண்டிருந்தார். ஊரில் பேர் போன கொத்தனார். அவரும் இரண்டு ஆட்களும் ஒரு கயிற்றை முக்கோணமாக இழுத்துப் பிடித்து நின்றதைப் பார்த்து, வெட்கத்தை விட்டு என்னவென்று கேட்டேன்.

“மூலை மட்டம் பாக்கறோம் டீச்சரம்மா. கயித்துல ஒரே அளவா பன்னெண்டு முடிச்சி. ரெண்டு மொனையும் சேத்துக் கட்டிடணும். ஒரு பக்கம் மூணு, ஒரு பக்கம் நாலு, மிச்சம் அஞ்சு. மூணும் நாலும் சேர்ற எடம் கீது பாருங்க, அது கத்தி மாதிரி நேரா நிக்கும். இம்மாங்கூட தப்பாது.”

பயிற்சிப் பள்ளியில் ஒரு வருஷம் முழுக்கப் படித்தும் மண்டையில் ஏறாத தேற்றம், நடுத்தெருவில் சுண்ணாம்புக் கையோடு நின்ற ஒரு மனிதர் சொல்லி அரை நிமிஷத்தில் ஏறிவிட்டது. எனக்கு ரயிலே தேவையில்லை, பறந்தே வீட்டுக்குப் போய்விடலாம் போலிருந்தது.

நாலு மூலை

யுத்தத்தினால் காகிதப் பஞ்சம். பிள்ளைகளிடம் நோட்டு கிடையாது. பலகைகளும் பாதி உடைந்தவை. அதனால் கணக்கை வெளியே மைதானத்தில் நடத்துவது எங்களுக்குப் பழகிப்போயிருந்தது. மறுநாள் கிணற்றுக் கயிற்றை அவிழ்த்து, பன்னிரண்டு முடிச்சுப் போட்டு, மைதானத்தின் நாலு மூலையையும் பார்க்கப் புறப்பட்டோம்.

மைதானத்துக்கு மூன்று பக்கம் பழைய சுவர். நாலாவது பக்கம், சத்திரத்தை ஒட்டினது, அதுவரை முள்வேலியாக இருந்தது. ஆடிக் கிருத்திகைக் கூட்டத்துக்குச் சமையல் கூடம் பெரிதாக வேண்டும் என்று கோவிந்தசாமி கோடை விடுமுறையில் வேலியை எடுத்துவிட்டுச் சுவர் எழுப்பியிருந்தார். நாங்கள் ஒருவரும் அதை ஒரு விஷயமாக நினைக்கவில்லை.

முதல் மூலை. மூன்று பிள்ளைகள் கயிற்றை இழுத்துப் பிடித்தார்கள். விறைப்பாக நின்றது. கைதட்டல். இரண்டாவது மூலை. அதுவும் அப்படியே. மூன்றாவது, தெருப்பக்கத்துச் சுவரும் சத்திரத்துப் புதுச் சுவரும் சேருகிற மூலை. மூன்றை ஒரு சுவரோடும் நாலை மறு சுவரோடும் வைத்துப் பிடித்தால், ஐந்து தொளதொளவென்று தொங்கியது. பின்பக்கத்து மூலையில் கயிறு எட்டவே இல்லை.

“டீச்சர், செவுரு உள்ள வந்துகீது!” என்று கத்தினாள் சுலோச்சனா. அது யாருடைய சுவர் என்பது அந்த நிமிஷம் அவள் நினைவிலேயே இல்லை.

அந்தக் கத்தல்தான் வாய்க்கு வாய் மாறித் தெருவைத் தாண்டி, நாவிதரிடம் கன்னத்தைக் கொடுத்து உட்கார்ந்திருந்த அவள் அப்பா காதுக்குப் போனது. நுரையோடு அவர் வந்து நின்ற இடத்துக்கு நாமும் வந்துவிட்டோம்.

“ஆங்” என்ற முப்பத்தொரு குரலையும் கேட்டுவிட்டு அவர் சுவரைப் பார்த்தார்.

“மலை அடிவாரம்மா இது. இங்க நெலமே கோணலாத்தான் கீது. செவுரு இன்னா பண்ணும்?”

“அந்தாண்ட ரெண்டு மூலையும் நேரா கீதே நைனா?” என்றாள் மகள்.

“இது கயிறா, தேங்கா நாரா? கயித்துல எல்லாம் அளக்கக் கூடாது. கழி எத்தினு வந்து அளங்க. என் எதிர்க்க அளங்க!”

நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அதற்குள் ஏகாம்பரம் பத்தடி மூங்கில் கழியோடு வந்துவிட்டான். மைதானத்தின் நீளம் அறுபது அடி. தெருப்பக்கம் அகலம் எண்பது. பின்பக்கம் எழுபத்திரண்டரை. ஹெட்மாஸ்டர் அறையில், அவர் நாற்காலிக்குப் பின்னால், பல வருஷமாகச் சட்டம் போட்டு மாட்டியிருந்த மனை வரைபடத்தில் இரண்டு பக்கமும் எண்பதுதான். அவர் தலை மறைத்ததால் அதுவரை யாரும் அதைப் படித்ததில்லை; அன்றைக்கு ஒரு பையன் ஓடிப்போய்ப் படித்துவிட்டு வந்து சொன்னான்.

“ஏழரை அடி,” என்றான் ஏகாம்பரம். “பின்னாடி ஏழரை, முன்னாடி ஒண்ணுமில்ல. முக்கோணம் டீச்சர்!”

ஓர் ஆசிரியையின் வாழ்க்கையில் வகுப்பு முழுவதும் தானாகவே ஒரு கணக்கைப் போடுகிற நேரம் அபூர்வமாகத்தான் வாய்க்கும். எனக்கு அது இப்படியா வாய்க்க வேண்டும்? முப்பத்தொரு பேரும் மண்ணில் குந்தி விரலால் போட்டார்கள். நீளம் அறுபது, அகலம் ஏழரை, பெருக்கி அதில் பாதி.

“இருநூத்தி இருபத்தஞ்சு சதுர அடி!” துள்ளி எழுந்தாள் சுலோச்சனா. எல்லோருக்கும் முன்னால் போட்டுவிட்ட சந்தோஷத்தில் முகம் ஜொலிக்க, “நைனா, இருநூத்தி இருபத்தஞ்சு சதுர அடி பள்ளிக்கூடத்துது நம்மகிட்ட கீது!” என்றாள்.

தெருவில் கூடியிருந்தவர்களில் யாரோ சிரித்தார்கள்.

கோவிந்தசாமி துண்டால் கன்னத்து நுரையைத் துடைத்தார். திரும்பிப் போனார். அப்போதுதான் மகளுக்குத் தான் சொன்னது என்னவென்று உறைத்தது. அவள் முகம் சுருங்கிய வேகத்தை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

ஜன்னலிலிருந்து ஹெட்மாஸ்டரின் குரல் மட்டும் கேட்டது: “கிணத்துக் கயிறு எங்கேம்மா? ஒரு மணி நேரமா தாகமா இருக்கு.”

காலி இடம்

மறுநாள் சுலோச்சனா வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் சேதி வந்தது. படித்தது போதும், இனிமேல் பள்ளிக்கூடம் வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டாராம்.

கடைத்தெருவில் அவரைக் கண்டால், “நேரா போங்க, கோணலா போயிடாதீங்க” என்று கிண்டல் செய்கிறார்களாம். காதர் பாயே என்னை ஸ்டேஷன் வழியில் நிறுத்திச் சொன்னார்:

“அவுரு காட்ன எடத்துலதான் அந்தச் செவுர கட்னேன் டீச்சரம்மா. கண்ணால பாத்தாலே எனக்குத் தெரியும். சாமி காரியம், பத்து பேருக்கு சோறு போடறாரேன்னு வாயத் தொறக்கல. இப்ப ஊரே வந்து, ‘இன்னா பாய், ஒனக்கு மட்டம் பாக்கத் தெரியாதா’ன்னு கேக்குது. உங்களுக்குப் போய் கயித்த காட்னேன் பாருங்க, அதான் நான் பண்ண தப்பு.”

நான் அவரைவிடப் பெரிய தப்புச் செய்தவளாக நடந்தேன். வகுப்பில் கேள்வி கேட்க ஆளில்லை. நான் சொன்னதையெல்லாம் முப்பது பேரும் பேசாமல் ஒப்புக்கொண்டார்கள். அவள் கை தூக்கினால் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தவளுக்கு, ஒரு கையும் தூக்கப்படாத வகுப்பு அதைவிடப் பயமாக இருந்தது.

ஐந்தாம் நாள் ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார்.

“அன்னிக்குக் கயிறு நனைஞ்சிருந்ததா இல்லையா?”

“நனைஞ்சிருந்தது சார்.”

“நனைஞ்ச கயிறு சுருங்குமா சுருங்காதா?”

“சுருங்கும் சார்.”

“அவ்வளவுதாம்மா! சயின்ஸ். போய்ச் சொல்லு. கயிறு சுருங்கிப்போச்சு, அளவு தப்பு, சுவர் நேர்தான்னு சொல்லு. பொண்ணு வந்துடும். எனக்கு ரிட்டையராக...”

“கழியாலயும் அளந்தோமே சார்?”

“கழியைப் பத்தி அவர் கேட்டாப் பாத்துக்கலாம்,” என்றார்.

சயின்ஸ்

பள்ளி விட்டதும் சத்திரத்துக்குப் போனேன். கோவிந்தசாமி பெரிய அண்டாக்களைக் கவிழ்த்துத் தேய்க்கச் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஒரு மணையைக் காட்டினார். உட்காரவில்லை. நின்றபடியே ஒப்பித்தேன். நனைந்த கயிறு. சுருக்கம். அதனால் மூலை தப்பாகக் காட்டியிருக்கலாம். சுவர் நேராகவே இருக்கலாம்.

சொல்லச் சொல்ல அவர் முகம் இளகியது. “அப்டி சொல்லுங்க! நான் அப்பவே சொன்னேனே, கயித்துல அளக்கக் கூடாதுன்னு. ஊருக்கே கேக்கறாப்பல நாளைக்கு இத்த சொல்லிடுங்க டீச்சரம்மா.”

சொல்கிறேன் என்று தலையாட்டினேன். அவ்வளவுதான், முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

“நனைஞ்சா எல்லா முடிச்சும்தான் டீச்சர் சேந்து சுருங்கும்!”

சத்திரத்தோடு ஒட்டியிருந்த அவர்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னாலிருந்து சுலோச்சனா. கையில் ஒரு நூல். பாவாடை நாடாவிலிருந்து உருவினதோ என்னவோ. அதில் பொடிப்பொடியாகப் பன்னிரண்டு முடிச்சுகள்.

“மூணும் சுருங்கும், நாலும் சுருங்கும், அஞ்சும் சுருங்கும். முக்கோணம் சின்னதாகும். மூலை எப்டி மாறும்? இந்தா பாருங்க.”

அவள் நூலைத் தன் விரல்களிலேயே முக்கோணமாக மாட்டி, கதவு நிலையின் மூலையில் வைத்தாள். பொருந்தியது. இடுப்பிலிருந்து இன்னொரு கயிறு, நீளமானது, எடுத்தாள். உள்ளே நின்ற தன் அம்மாவைக் கூப்பிட்டு ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி அதே மூலையில் வைத்தாள். அதுவும் பொருந்தியது. ஐந்து நாளாக வீட்டில் அடைபட்ட பெண் கட்டில், அலமாரி, அண்டா மூடி வைக்கும் பலகை என்று எதையும் விட்டுவைக்கவில்லை போலிருக்கிறது.

கோவிந்தசாமி இரண்டு கயிற்றையும் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“டீச்சரம்மா, இவ சொல்றது நெசமா?”

அந்தப் பெண்ணும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷமாக. தான் சொன்னது சரிதான் என்று டீச்சர் சொல்வதற்காகக் காத்திருந்தாள். நான் பொய் சொல்ல வந்திருக்கிறேன் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. டீச்சருக்குக் கணக்குத் தப்பிவிட்டது, திருத்திவிடலாம் என்றுதான் நினைத்திருக்கிறாள். எனக்குக் காது மடலெல்லாம் சுட்டது.

“ஆமாங்க. அவ சொல்றதுதான் சரி. நான் சொன்னது பொய்.”

“பொய் சொல்லவா இம்மாந்தூரம் வந்தீங்க?”

“உங்க பொண்ணைத் திரும்பக் கூப்பிட்டுப் போக வந்தேங்க. வேற வழி தெரியல. எனக்கே கணக்கு அவ்வளவா வராது. அவ கேக்கற கேள்விக்குப் பதில் தேடித்தான் நான் கத்துக்கிட்டு வர்றேன்.”

அண்டா தேய்க்கிறவர்கள்கூடக் கையை நிறுத்திவிட்டார்கள். கோவிந்தசாமி மகளிடமிருந்து அந்தச் சின்ன நூலை வாங்கினார். தடித்த விரல்களில் அது நிற்கவில்லை. இரண்டு முறை நழுவியது. மூன்றாவது முறை மகள் வந்து மாட்டிவிட்டாள். அவர் எழுந்து, சமையல் கூடத்துக்குள் போய், புதுச் சுவரின் மூலையில் தானே வைத்துப் பார்த்தார். நாங்கள் வெளியே நின்றோம்.

திரும்பி வந்தவர், “நாளைக்கு வருவா. ரயிலுக்கு நாழியாச்சி பாருங்க, போங்க,” என்றார்.

சுவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்கவில்லை.

கல்

தசரா விடுமுறை முடிந்து வந்தபோது சுவர் இடம் மாறியிருந்தது. காதர் பாய் இந்தத் தடவை யார் காட்டிய இடத்தையும் பார்க்கவில்லை, தன் கயிற்றை மட்டும் பார்த்தார் என்று கேள்வி. பிள்ளைகள் மூலைக்கு மூலை கயிற்றோடு ஓடினார்கள். எல்லா மூலையும் விறைப்பாக நின்றது.

ஆனால் கோவிந்தசாமி இடத்தைச் சும்மா திருப்பிக் கொடுப்பவரா? ஊரெல்லாம் அவர் சொன்ன கதை வேறு. பிள்ளைகள் விளையாட இடம் போதவில்லை என்று கேள்விப்பட்டாராம். மனசு கேட்கவில்லையாம். தன் சமையல் கூடத்தையே இடித்து, பள்ளிக்கூடத்துக்கு நிலம் தானம் செய்துவிட்டாராம்! அதற்கு ஒரு விழா. மாலை, மேளம், எல்லோருக்கும் சுண்டல். சுவரில் ஒரு கல்.

நானும் பிள்ளைகளோடு கீழே பாயில் உட்கார்ந்திருந்தேன். மேடையில் கோவிந்தசாமி, இரண்டு கன்னமும் மழித்து, கழுத்து நிறைய சம்பங்கி மாலையோடு இருந்தார். கல்லின் மேலிருந்த மஞ்சள் துணியை விலக்கினார்கள்.

‘இப்பள்ளிக்கு 225 அடி நிலம் கோவிந்தசாமி அன்பளிப்பு.’

ஹெட்மாஸ்டர் நன்றியுரைக்கு எழுந்தார். “கொடை வள்ளல்” என்று தொடங்கினார். என் பக்கத்தில் ஒரு கை மெல்ல மேலே போனது.

சுலோச்சனா.

ஹெட்மாஸ்டர் பேச்சை நிறுத்தாமலே கண்ணால் எனக்குச் சைகை காட்டினார். அந்தக் கையைப் பிடித்துக் கீழே இழு என்று அர்த்தம். என் கைக்கு எட்டுகிற தூரந்தான். நான் என் கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

“இன்னாம்மா?” என்றார் மேடையிலிருந்து கோவிந்தசாமி.

“நைனா, கல்லுல தப்பா கீது. அடி இல்ல, சதுர அடி. அடின்னா நீளம். நீ குடுத்தது எடம்.”

மேளக்காரர்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார். கோவிந்தசாமி மகளைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். பிறகு கூட்டத்தின் ஓரத்தில் நின்ற காதர் பாயைக் கூப்பிட்டார்.

“பாய், சதுரத்துக்கு ஒரு ‘ச’வ எங்கயாச்சும் சொருகு.”

காதர் பாய் கல்லருகே போய்க் குனிந்து பார்த்தார். “நெருக்கிப் போட்டுட்டேங்களே. எடம் இல்ல.”

“இன்னா பாய் இது! இருநூத்தி இருபத்தஞ்சு சதுர அடி எடம் உட்டவன் நானு. ஒரு எழுத்துக்கு எடம் இல்லன்றியே!”

முதலில் சிரித்தவர் காதர் பாய்தான். அப்புறம் தெரு சிரித்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். கோவிந்தசாமியின் தோள் மாலையோடு குலுங்கியது. காதர் பாய் உளியும் சுத்தியும் எடுத்துவரச் செய்து அங்கேயே குந்தினார். ஹெட்மாஸ்டர் தம் நன்றியுரையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் ‘டொக், டொக்’ என்று எழுத்து விழுகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இருநூற்று இருபத்தைந்துக்கும் அடிக்கும் நடுவில், கொசு உட்கார்ந்த மாதிரி ஒரு ‘ச’ வந்து சேர்ந்தது. சுலோச்சனா எழுந்து போய் அருகில் நின்று படித்தாள். விரலால் தடவிப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்துச் சரியென்று தலையை ஆட்டினாள்.

அதன் பிறகுதான் அவர் மேளக்காரரை வாசிக்கச் சொன்னார்.